காரில் நமக்கான இருக்கை

தீபாவளி நெருங்கும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் சென்னை தியாகராய நகருக்குக் காரில் போனவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். பனகல் பூங்காவை இரண்டு முறை சுற்ற வேண்டும். உஸ்மான் சாலையில் ஊர்ந்து போக வேண்டும். தணிகாசலம் சாலையில் கட்டியிருக்கும் அடுக்கு வாகன நிறுத்தத்தின் வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். பின்சீட்டில் பிள்ளை தண்ணீர் கேட்கும். முன்சீட்டில் இருப்பவருக்குக் கோபம் வரும். துணி எடுக்க அரை மணி நேரம் என்றால், வண்டி நிறுத்த ஒரு மணி நேரம். கார் வைத்திருக்கும் குடும்பங்கள் அலுத்துக்கொள்ளும் துன்பங்களில் முதல் துன்பம் இதுதான்.

இப்படி இடம் தேடிச் சுற்றுகிற பாண்டி பஜார் யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அது சௌந்தரபாண்டியனார் அங்காடி. டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் நீதிக்கட்சியிலும் சுயமரியாதை இயக்கத்திலும் முன்வரிசையில் நின்றவர். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அந்தக் காலத்தில் தனியார் பேருந்துகளில் நம் மக்களை ஏற்ற மாட்டார்கள். கையில் காசு இருந்தாலும் இருக்கை கிடையாது. ராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த சௌந்தரபாண்டியன், தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று உத்தரவு போட்டார். பேருந்தில் நமக்கு இருக்கை வாங்கித் தந்தவரின் பெயரில் உள்ள தெருவில்தான் இன்று ஆயிரக்கணக்கான கார்கள் நிற்க இடம் தேடுகின்றன. அவற்றில் சில கார்கள் நம்முடையவை.

சொந்தக் காரைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதுவது சில வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். கூலிக்கும் குடிமனைப் பட்டாவுக்கும் போராடும்போது கார் எதற்கு என்று கேட்கலாம். கார் ஆடம்பரமா தேவையா என்ற விவாதம் இங்கே இல்லை. வண்டியில் யார் உட்காரலாம், யார் ஓட்டலாம், யார் துடைக்க வேண்டும், எந்தத் தெருவில் அது போகலாம் என்பதை இந்த நாட்டில் நெடுங்காலமாகச் சாதிதான் தீர்மானித்து வந்திருக்கிறது. அதைத்தான் நாம் பேச வேண்டும்.

வெளியே நின்று பார்த்த கார்

மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் பக்கத்துப் பழைய குடும்பங்கள் தங்கள் காரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நேரம் போவதே தெரியாது. அம்பாசடர் கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது, பிரீமியர் பத்மினியைக் காலையில் ஸ்டார்ட் செய்யப் பட்ட பாடு, சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1983 டிசம்பரில் முதல் வண்டி கைமாறிய மாருதி 800 என்று நினைவுகள் நீளும். கோடை விடுமுறையில் ஏழு பேர் நெருக்கி உட்கார்ந்து திருப்பதி போன கதை, மேட்டில் ரேடியேட்டர் கொதித்து நின்ற கதை எல்லாம் வரும்.

அந்தக் கதைகளில் இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் டிரைவர். மற்றவர் காலையில் வந்து வண்டி துடைத்த பையன். கதை சொல்பவருக்குக் காரின் பதிவெண் நினைவிருக்கும். வண்டி துடைத்தவரின் பெயர் நினைவிருக்காது. நம் வீடுகளில் பலருக்குக் கார் அறிமுகமானது இந்த இரண்டு பேர் வழியாகத்தான்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அப்பா மந்தைவெளிப் பக்கம் ஒரு வீட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அம்பாசடர் ஓட்டினார். ஆயுத பூஜை அன்று வண்டியைக் கழுவி, சந்தனம் பூசி, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பது அவர் வேலை. முதல் ரவுண்டு போவது முதலாளி வீட்டார். எங்களுக்குப் பொரி கடலைப் பொட்டலம் வரும். அந்த வண்டியின் இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லக்கூடிய மனிதர், அதன் பின்சீட்டில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அவருக்குத் தண்ணீர் தரத் தனி டம்ளர் ஒன்று தோட்டத்துக் குழாய்க்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கும். அதைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே இல்லை. உடன் ஓட்டிய நண்பர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

வண்டியில் ஏறவிடாத காலம்

அந்தத் தனி டம்ளருக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. கேரளத்தில் அய்யன்காளி 1893-ல் வில்வண்டி ஒன்றை வாங்கி, வெள்ளை வேட்டியும் தலைப்பாகையும் அணிந்து, திருவனந்தபுரத்துக்கு அருகில் வெங்ஙானூர் பொதுச்சாலையில் ஓட்டிப் போனார். தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கவே கூடாது என்று தடுக்கப்பட்ட சாலை அது. தாக்க வந்தவர்களை எதிர்த்து நின்றுதான் அவரால் அந்த வண்டியை ஓட்ட முடிந்தது. இந்தியாவின் முக்கியமான சாலை உரிமைப் போராட்டம் ஒன்று, ஒரு மாட்டு வண்டியைச் சொந்தமாக வாங்கியதில் தொடங்கியது.

அண்ணல் அம்பேத்கர் தன் நினைவுக் குறிப்புகளில் இரண்டு வண்டிப் பயணங்களை எழுதியிருக்கிறார். 1901-ல் சிறுவனாக, அண்ணனுடனும் உறவினர் பிள்ளைகளுடனும் தந்தையைப் பார்க்கப் போகிறார். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய பிள்ளைகளின் சாதி தெரிந்ததும் எந்த மாட்டு வண்டிக்காரரும் ஏற்ற மறுக்கிறார். கடைசியில் இரண்டு மடங்கு வாடகைக்கு ஒருவர் ஒத்துக்கொள்கிறார். ஆனால் பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும். அவர் கூடவே நடந்து வருவார். அந்த இரவு முழுவதும் அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

இரண்டாவது பயணம் 1929-ல். அம்பேத்கர் அப்போது வெளிநாட்டில் படித்துப் பட்டம் பெற்ற வழக்கறிஞர்; பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினர். சாளிஸ்காவ் ரயில் நிலையத்திலிருந்து அவரை ஏற்றிச் செல்லக் குதிரை வண்டிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். சேரி மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழகாத தங்களில் ஒருவரை ஓட்ட வைத்தார்கள். பாலத்தில் சக்கரம் சிக்கி, அம்பேத்கர் கல் தரையில் தூக்கி எறியப்பட்டுக் கால் எலும்பு முறிந்தது. படிப்பும் பதவியும் இருந்தாலும் வண்டியில் நல்ல இருக்கை கிடைத்துவிடாது என்பதை அந்த விபத்து காட்டியது.

நிறவெறி நிலவிய அமெரிக்காவிலும் இதே கதைதான். பேருந்தில் பின்னால் உட்கார வைத்த அவமானத்திலிருந்து தப்பிக்கவே கறுப்பின மக்களில் பலர் கடன் பட்டாவது கார் வாங்கினார்கள். காரில் போனாலும் எந்த ஊரில் சாப்பாடு கிடைக்கும், எந்த விடுதியில் தங்கவிடுவார்கள் என்பது தெரியாது. அதற்காக விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால் ஊழியர் 1936-ல் 'கிரீன் புக்' என்ற வழிகாட்டி நூலை வெளியிடத் தொடங்கினார். 1955-ல் மாண்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்தபோது, சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் அவற்றைப் பொதுவில் கொடுத்தார்கள். சுமார் 300 கார்கள் வேலைக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்கின. 381 நாள் நீடித்த போராட்டம் வென்றது. குடும்பக் கார் ஒரு சமூகத்தின் போராட்டக் கருவியாக மாறியதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

சொந்தக் கார் வந்த பிறகு

நம்மில் சிலர் இன்று கார் வாங்கியிருக்கிறோம். அரசு வேலையும் வங்கிக் கடனும் பழைய கார் சந்தையும் அதைச் சாத்தியமாக்கியிருக்கின்றன. எங்கள் குடும்பமும் தவணையில் பழைய கார் ஒன்றை வாங்கியது. முதல் நாள் அப்பாவைப் பின்சீட்டில் உட்கார வைத்தோம். மெரினா வரை போவதற்குள் மூன்று முறை, "கிளட்ச்ல கால வெச்சிக்கினே ஓட்டாத" என்றார். பிறகு, "பின்னால உக்காந்தா எங்க போறோம்னே தெரியல, முன்னால வர்றேன்" என்று இறங்கி வந்து உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகு வந்த துன்பங்களில் பாதி எல்லாக் கார்க்காரர்களுக்கும் வருபவை. மழைக்காலத்தில் பேட்டரி இறங்கும். கேட்டுக்கு முன்னால் வேறொருவர் வண்டி நிற்கும். கோடு விழுந்த கதவுக்கு யார் காரணம் என்று தெரியாது. இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் தேதி மறந்து போகும். மாதத் தவணை பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தோடு மோதும்.

மீதிப் பாதி வேறு வகை. மயிலாப்பூர், அடையாறு பக்கம் வாடகை வீடு தேடும்போது, "கார் நிறுத்த இடம் இருக்கா?" என்று நாம் கேட்டால், "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி திரும்பி வரும். நேராகக் கேட்கத் தயங்குபவர்கள், "சைவமா?" என்று கேட்பார்கள். அடுக்குமாடி வாசலில் காவலர் நம்மை நிறுத்தி, "யார் வீட்டு டிரைவர்?" என்பார். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் உரிமையாளராகவும் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றுவதில்லை.

ஊருக்குப் போகும்போது இன்னொன்று சேரும். எங்கள் காரின் கண்ணாடிக்குக் கீழே சிறிய அம்பேத்கர் படம் ஒன்று உண்டு. சென்னையில் அதை யாரும் கவனிப்பதில்லை. ஊர் எல்லை வந்ததும் அம்மா, "படத்த எடுத்து உள்ள வெச்சிடுப்பா, ஊரு கிட்ட வந்துட்டோம்" என்பார். ஊர்த் தெருவில் ஹாரன் அடிக்காதே, வேகமாகப் போகாதே, வண்டியைக் கோயில் பக்கம் நிறுத்தாதே என்று வரிசையாகச் சொல்வார்.

அம்மாவின் அச்சம் வெறும் அச்சமில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று தூத்துக்குடி மாவட்டம் கொடியங்குளத்தில் காவல்துறை நுழைந்து அடித்து நொறுக்கியவற்றில் தொலைக்காட்சிப் பெட்டிகளோடு மோட்டார் சைக்கிள்களும் டிராக்டர்களும் இருந்தன. வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்துச் சேர்த்த பொருள்கள் அவை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம் காலனியில் வீடுகளோடு இரு சக்கர வாகனங்களும் எரிக்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று அவர் குடும்பத்தார் சொன்னார்கள். நாம் வாங்கும் வண்டி நம் உழைப்பின் அடையாளம் என்பதாலேயே அது சிலர் கண்ணை உறுத்துகிறது.

சட்டம் என்ன சொல்கிறது

நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-ல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொது இடத்தில் மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது, செருப்பு அணிவதையும் புத்தாடை உடுத்துவதையும் தடுப்பது, திருமண ஊர்வலத்தைத் தடுப்பது, அந்த ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதைத் தடுப்பது ஆகியவை 3(1)(இசட்ஏ) பிரிவின்படி குற்றம். பொதுச்சாலையைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் அதே பிரிவில் வருகிறது. தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும். தீ வைத்து நம் உடைமையைச் சேதப்படுத்தினால் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு வழி இருக்கிறது. புகார் கொடுக்க வழி தெரியாதவர்கள் 14566 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.

சாலையில் போகும் உரிமையை நம் முன்னோர் கேட்டு வாங்கியதற்கும் ஆவணம் உண்டு. 1924-ல் சென்னை மாகாண சட்டசபையில் பொதுச்சாலை, பொதுக்கிணறு எல்லாம் ஒடுக்கப்பட்டோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் ரெட்டமலை சீனிவாசன். அப்போது முதலமைச்சராக இருந்தவர் பனகல் அரசர். அவர் பெயரில் உள்ள பூங்காவைத்தான் நாம் காரில் சுற்றுகிறோம்.

மழை வந்தால்

சாலையின் கதை இப்படியென்றால் வெள்ளத்தின் கதை வேறு. 2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரை கடந்தபோது சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், அடையாறு பகுதிகளில் தரைத்தளத்தில் நின்ற கார்கள் மூழ்கின. தண்ணீர் புகுந்த இன்ஜினைச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்தவர்களுக்கு இன்ஜின் முழுதும் போனது. சாதாரண இன்சூரன்ஸில் அதற்கு இழப்பீடு கிடைப்பது கடினம். இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும். கார் வைத்திருக்கும் வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது: வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கிடம் இழுத்துச் செல்ல வேண்டும். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தின் மீது வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்திய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்போம். பத்து ஆண்டில் மக்கள் கற்ற பாடம் அது.

ஆனால் 2015 வெள்ளத்தில் தெருவில் குவிந்த குப்பையையும் சேற்றையும் அள்ளியவர்கள் யார்? பல மாவட்டங்களின் நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் சென்னைக்கு அழைத்து வரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். கையுறை இல்லாமல் வேலை செய்ததைப் பத்திரிகைகள் எழுதின. அதன் பிறகு அடையாற்றங்கரையிலும் கூவம் கரையிலும் குடிசை போட்டிருந்தவர்கள் பெரும்பாக்கம் போன்ற தொலைவான குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாக்கமே மழையில் தண்ணீர் நிற்கும் தாழ்வான பகுதிதான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி எழுந்த பெரிய கட்டடங்களும் அவற்றின் கார் நிறுத்தங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

துடைப்பவரும் ஓட்டுபவரும்

அப்படி அனுப்பப்பட்டவர்களில் பலர் இன்றும் விடியற்காலைப் பேருந்தில் மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் வருகிறார்கள். கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் 15, 20 கிலோமீட்டர் வந்து, வாளியும் துணியுமாக ஒரு வளாகத்தில் பத்து, பதினைந்து கார்களைத் துடைக்கிறார்கள். ஒரு வண்டிக்கு மாதம் சில நூறு ரூபாய். ஒரு நாள் வராவிட்டால் கண்ணாடியில் விரலால் எழுதி வைப்பார்கள். அதே வளாகத்தில் அவர்கள் சிறுநீர் கழிக்க இடம் கிடையாது. ஓட்டுநர்களுக்கும் இதே நிலைதான். மணிக்கணக்கில் வெயிலில் காத்திருப்பவர்களுக்கு நிழலில் ஒரு பெஞ்சு போடாத வளாகங்கள் உண்டு. ஓட்டுநரும் வேலையாளும் இந்த லிஃப்டில் ஏறக் கூடாது என்று பலகை வைத்த வளாகங்களும் உண்டு. தனி டம்ளர்தான் இப்போது தனி லிஃப்டாக மாறியிருக்கிறது.

இவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. ஓட்டுநர்களுக்கும் வாகனம் பழுதுபார்ப்பவர்களுக்கும் தமிழ்நாட்டில் தனி நல வாரியம் இருக்கிறது. வீட்டுப் பணியாளர்களுக்கு 2007 முதல் வாரியம் இருக்கிறது. பதிவு செய்தால் பிள்ளைகளின் கல்வி உதவி, விபத்து நிவாரணம், 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் கிடைக்கும். படித்த மாணவர்கள் தங்கள் தெருவில் உள்ளவர்களுக்கு இணையத்தில் பதிவு செய்து கொடுத்தாலே பெரிய உதவி.

ஓட்டுநர் தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு செய்தி. 7,500 கிலோ வரை எடையுள்ள வாடகை வண்டிகளை ஓட்ட, இலகுரக வாகன உரிமமே போதும், தனி ஒப்புதல் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது. சொந்தமாக வாடகைக் கார் வாங்க நினைப்பவர்கள் 1974-ல் தொடங்கப்பட்ட தாட்கோ நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தை அணுகலாம். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம் உண்டு. அதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்க வேண்டும். தரகரிடம் போக வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியது

நம் வீட்டு வாசலில் கார் வந்து நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரசவ வலி எடுத்த பெண்ணை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஊர்த் தெருவில் யார் காலையும் பிடிக்க வேண்டாம் என்பது சின்ன விடுதலை இல்லை. காலனியில் ஒருவரிடம் கார் இருந்தால் அது காலனிக்கே உதவுகிறது. மாண்ட்கோமரி மக்கள் செய்ததும் அதுதான். தேர்வு எழுதப் போகும் மாணவரையும், வழக்குக்காக நீதிமன்றம் போகும் குடும்பத்தையும் ஏற்றிச் செல்லும்போது அந்த வண்டியின் மதிப்பு கூடுகிறது.

அதே நேரத்தில், ஓட்டுநரை வேலைக்கு வைக்கும் வசதி நமக்கு வந்தால் அவரோடு ஒரே மேசையில் சாப்பிட வேண்டும். வண்டி துடைப்பவருக்கு மாதம் முதல் தேதியில் சம்பளமும் வாரம் ஒரு நாள் விடுமுறையும் கொடுக்க வேண்டும். நம் வளாகத்தில் அவர்களுக்குக் கழிப்பறை திறந்திருக்கிறதா என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும். அய்யன்காளி வில்வண்டி வாங்கியது தான் மட்டும் சொகுசாகப் போவதற்கு அல்ல. பின்னால் வருகிறவர்களுக்கும் அந்தச் சாலை திறக்க வேண்டும் என்பதற்காக. கார் வாங்கிய குடும்பங்களிடம் நாம் கேட்பதும் அதையே.